முன் ஸஃப்பில் கண்ட கரும்புள்ளி



தொழுகையில் நமது பார்வை ஸஜ்தாச் செய்யும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று பல வருடங்களாக மாணவர்களுக்குப் படித்துக் கொடுத்து வருகிறேன். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குச் சற்றுப் பிந்திப் போய் இரண்டாவது ஸஃப்பில் நின்றேன். அத்தஹிய்யாத்து இருப்பில், எனது ஸஜ்தாவின் இடத்துக்கு நேர் முன்னே ஒருவரின் வலது பாதம் நட்டு வைக்கப்பட்டிருந்தது. பார்க்க வேண்டுமென்று பார்க்கவில்லை. ஆனால் பார்வை அங்கேதான் விழுந்தது. வெடித்துத் தடித்த குதிகாலின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்பு. மை சிந்தி ஊறியது போல ஒரு பக்கம் பரவி, ஒரு பக்கம் மங்கி, நடுவில் நீலம் தட்டிப் போயிருந்தது.

அந்தப் பாதத்துக்குரியவர் எங்களூரின் பழைய வட்டவிதானை. வயது அறுபதைக் கடந்தவர். வாய்க்கால் வரம்புகளில் செருப்பில்லாமல் நடந்தே பழகியவர். ஸலாம் கொடுத்து துஆ முடிந்ததும் அருகே போய், “காக்கா, காலில் என்ன கறுப்பு?” என்று கேட்டேன். பாதத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். “அது முள்ளுத் தைச்ச இடம் மௌலவி. நோவுமில்ல, ஒண்டுமில்ல. மறுகா பாப்பம்” என்றார். நானும் “சரி” என்று எழுந்து விட்டேன்.

அந்தச் “சரி”யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த வருடத்தின் நடுப்பகுதி எப்படிக் கழிந்தது என்பது உங்களுக்கு ஞாபகமிருக்கும். எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை. பஸ் இல்லை, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் இல்லை. உயிர் போகும் வருத்தத்துக்கே ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் இருந்த காலத்தில், நோகாத ஒரு புள்ளியைக் காட்டுவதற்கு யார் போவார்? அறுவடை முடிந்தும் அவர் போகவில்லை. புள்ளி மேடு கட்டியது, பிறகு வெடித்து நீர் கசிந்தது. அவருக்கு நீண்ட காலமாக நீரிழிவு இருந்தது. ஆகவே அது நீரிழிவுப் புண் என்று எல்லோரும் எண்ணினார்கள். மருந்து கட்டுபவர்களும் அப்படியே எண்ணி மாதக்கணக்கில் மருந்து கட்டினார்கள். எந்த இடம் என்று சொல்லி யாரையும் குறை கூற நான் வரவில்லை. பாதத்தில் வரும் இந்த நோயை ஆறாத புண் என்றும் கால் ஆணி என்றும் பாலுண்ணி என்றும் தவறாக விளங்கிக் கொள்வது உலகம் முழுவதும் நடப்பதுதான் என்று பின்னர் அறிந்தேன். கடைசியில் ஓர் இளம் வைத்தியர்தான் சந்தேகப்பட்டு, சிறு துண்டு தசையை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். 2023 மே மாதத்தில் பதில் வந்தது. மெலனோமா.

நமது தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். அதை உண்டாக்கும் உயிரணுக்களில் தொடங்கும் புற்றுநோய்தான் மெலனோமா. தோலில் வரும் புற்றுநோய்களில் இது குறைவாக வருவது, ஆனால் உயிருக்கு மிகவும் ஆபத்தானது. வெயில் அதிகம் படும் வெள்ளை நிறத்தவர்களுக்கே இது பெருமளவில் வருகிறது. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் உலகிலேயே முன் நிற்கும் நாடுகள். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு அல்லாஹ் அளித்திருக்கும் கறுப்பே ஓரளவு குடை. ஆனால் அந்தக் குடைக்கு வெளியே சில இடங்கள் இருக்கின்றன. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. நம்மவர்களுக்கு மெலனோமா வரும்போது பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது. இங்கே வருவதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு இல்லை. “நமக்கு இந்த நோய் வராது” என்ற எண்ணமும், “காலில் உள்ளதை யார் பார்க்கப் போகிறார்கள்” என்ற எண்ணமும் சேர்ந்து நாளைக் கடத்தி விடுகின்றன.

நோயின் பெயர் தெரிந்த அன்று மஃரிபுக்குப் பின் அவரது மகள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். எனது மாணவி. கையில் தொலைபேசி, கண்ணெல்லாம் சிவப்பு. “மௌலவி, வாப்பாக்கு அஞ்சு வருசம்தான் எண்டு போட்டிருக்கு” என்றாள். வாங்கிப் பார்த்தேன். ஐந்து வருட உயிர்வாழும் வீதம் என்று ஒரு கணக்கு. அவள் அதை “ஐந்து வருடத்தில் முடிந்து விடும்” என்று வாசித்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரியாக விளங்கவில்லை. நஹ்வு, ஸர்பு படித்த எனக்கு ஆஸ்பத்திரிக் கணக்கு எங்கே விளங்கும்? அடுத்த கிளினிக் தினத்தன்று அவர்களோடு நானும் போனேன். அந்த வைத்தியர் ஒரு பொறுமைசாலி. காகிதத்தில் எழுதி எழுதிச் சொன்னார். அவர் சொன்னதையும் பின்னர் நான் வாசித்து அறிந்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன். ஏனெனில் இந்தக் கணக்கைத் தவறாக வாசித்து மனமுடைந்து போன குடும்பங்களும் இருக்கின்றன, தவறாக வாசித்து அலட்சியமாக இருந்து விட்ட குடும்பங்களும் இருக்கின்றன.

ஐந்து வருடம் என்பது ஆயுளின் எல்லை அல்ல. நோய் கண்டு பிடிக்கப்பட்ட ஒரு நூறு பேரை எடுத்து, ஐந்து வருடம் கழிந்த பின் அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுதான் அது. அப்படி இருப்பவர்களில் பலர் அதன் பின்னும் இருபது, முப்பது வருடம் வாழ்கிறார்கள். எண்ணுவதற்கு ஓர் இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக ஐந்தில் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் வெளியிடும் கணக்கின்படி, மெலனோமா தோன்றிய இடத்திலேயே இருக்கும்போது கண்டு பிடிக்கப்பட்டால் ஐந்து வருட வீதம் 99க்கும் மேல். பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தால் சுமார் 75. ஈரல், நுரையீரல், மூளை என்று தூரத்து உறுப்புகளுக்குப் போயிருந்தால் சுமார் 35. அதே வயதுடைய மற்ற மனிதர்களோடு ஒப்பிட்டுப் போடப்பட்ட கணக்கு இது. 99க்கும் 35க்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நோய் ஒன்று, பெயர் ஒன்று, வைத்தியர் ஒருவர். வித்தியாசம் பெரும்பாலும் காட்டிய நாளில் இருக்கிறது.

அந்த நாளை அளப்பதற்கு அவர்களிடம் ஒரு அளவுகோலும் உண்டு. 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க வைத்தியர், வெட்டி எடுத்த மெலனோமா எவ்வளவு அகலம் என்பதை விட, தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே நோயாளியின் நிலையை அதிகம் காட்டுகிறது என்று எழுதினார். இன்றும் உலகம் முழுவதும் அந்த ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்தே பேசுகிறார்கள். ஒரு மி.மீற்றருக்கு உட்பட்டிருந்தால் பெரும்பாலும் வெட்டி எடுப்பதோடு காரியம் முடிந்து விடும். நான்கைத் தாண்டினால் நிலைமை வேறு. ஒரு மி.மீற்றர் என்பது நமது நகத்தை விடச் சற்றுத் தடிப்பு. வட்டவிதானைக் காக்காவின் பாதத்தில் ஐந்தையும் தாண்டியிருந்தது. மேற்பரப்பு வெடித்திருந்தது. தொடை இடுக்கில் இரண்டு கணுக்களிலும் நோய் இருந்தது.

பல நாடுகளைச் சேர்ந்த 46,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. கணுக்களுக்குப் பரவிய நோய் என்று ஒரே பெயரில் சொல்லப்படும் கட்டத்தை அது நான்கு படிகளாகப் பிரிக்கிறது. முதற் படியில் ஐந்து வருட வீதம் 93. கடைசிப் படியில் 32. இவர் மூன்றாம் படி, 69. அதாவது “பரவி விட்டது” என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் கபன் துணியை நினைக்கவும் கூடாது. “வெட்டி எடுத்தாயிற்று” என்ற சொல்லைக் கேட்டவுடன் கிளினிக் அட்டையை அலுமாரியில் போடவும் கூடாது.

இன்னொன்றையும் அந்த வைத்தியர் மறைக்கவில்லை. உள்ளங்கால், உள்ளங்கை, நகம் ஆகிய இடங்களில் வரும் மெலனோமாவின் கணக்கு பொதுக் கணக்கை விடத் தாழ்ந்தது. அமெரிக்காவில் 1986 முதல் 2005 வரையான பதிவுகளில், எல்லாத் தோல் மெலனோமாக்களுக்கும் ஐந்து வருட வீதம் 91 ஆக இருக்க, இந்த வகைக்கு 80 ஆகத்தான் இருந்தது. பத்து வருடக் கணக்கில் இடைவெளி இன்னும் கூடியது. பிந்திக் காட்டுவது ஒரு காரணம். இதன் சுபாவமே கொஞ்சம் வேறு என்பதும் ஒரு காரணம். கறுப்பு நிறத்தவர்களுக்கு வெள்ளையரை விட மிகக் குறைவாக வரும் இந்த நோய், வந்தவர்களில் அதிகமானோரைக் கொண்டு செல்கிறது.

இவ்வளவையும் கேட்டுக் கொண்டிருந்த வட்டவிதானைக் காக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அந்த அறுபத்தொன்பதில நானா, மிச்சம் முப்பத்தொண்டில நானா டொக்டர்?” வைத்தியர் பேனாவை மூடி வைத்தார். “அது இந்தக் காகிதத்தில் இல்லை ஐயா” என்றார். வெளியே வந்ததும் காக்கா என்னைப் பார்த்து, “உங்கட கிதாபிலயும் அது இல்லத்தானே மௌலவி” என்றார். இல்லைதான். எவருடைய அஜல் எப்போது என்பதை அல்லாஹ் எந்த வைத்தியருக்கும் எந்த ஆலிமுக்கும் அறிவித்துக் கொடுக்கவில்லை.

ஆனால் வாசகர்களே, இந்த அஜல் என்ற சொல்லை நாம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று எனக்கு அன்றுதான் வெட்கம் வந்தது. “எழுதப்பட்டது நடக்கும்” என்று சொல்லிக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறோம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது மட்டும் அப்படிச் சொல்வதில்லை. கொள்ளை நோய் பரவிய ஷாம் தேசத்துக்குள் நுழையாமல் படையோடு திரும்பிய உமர் (ரழி) அவர்களின் சம்பவத்தை நான் எத்தனையோ ஜும்ஆக்களில் சொல்லியிருக்கிறேன். அதே நான்தான் ஒரு மனிதனின் குதிகாலைக் கண்டு “சரி” என்று எழுந்து போனவன்.

அறுவைச் சிகிச்சையில் குதிகாலின் அந்தப் பகுதியைச் சுற்றியுள்ள நல்ல தோலோடு சேர்த்து எடுத்தார்கள். தொடையில் தோல் உரித்து அங்கே ஒட்டினார்கள். கணுக்களையும் எடுத்தார்கள். இதற்குச் சம்மதிக்க வைப்பது இலகுவாக இருக்கவில்லை. அவரது உறவினர்களில் சிலர், “கத்தி பட்டால் புற்றுநோய் பரவும்” என்றும், “காலில் ஊனம் வந்தால் தொழுகைக்கு என்ன செய்வது” என்றும் குழப்பினார்கள். அப்போது நான் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொன்னேன். மதீனாவின் ஏழு பெரும் பகீஹ்களில் ஒருவர். காலில் அழுகல் நோய் வந்து மேலே ஏறியபோது, காலைத் துண்டிக்கச் சம்மதித்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதற்குப் பிறகும் மதீனாவுக்குத் திரும்பி மக்களுக்கு அறிவு சொல்லிக் கொடுத்தார்.

இதற்கு எதிரான ஓர் உதாரணமும் உண்டு. ஒரு பாட்டுக்காரரை இந்தப் பக்கங்களில் இழுப்பதற்கு வாசகர்கள் என்னைப் பொறுத்துக் கொள்ள வேண்டும். ஜமெய்க்கா நாட்டின் பொப் மார்லியை இளைஞர்களின் சட்டைகளில் கண்டிருப்பீர்கள். 1977இல் அவரது கால் பெருவிரல் நகத்தின் அடியில் இதே வகை மெலனோமா கண்டு பிடிக்கப்பட்டது. முதலில் அதைப் பந்து விளையாடிப் பட்ட காயம் என்றுதான் நினைத்தார்கள். விரலைத் துண்டிக்கும்படி ஆலோசனை கூறப்பட்டது. தனது சமய நம்பிக்கையைக் காட்டி அவர் மறுத்தார் என்றே அவரது வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். நகத்தையும் அதன் அடியையும் மட்டும் எடுத்தார்கள். நோய் மூளைக்கும் நுரையீரலுக்கும் பரவி 1981 மே 11ஆம் திகதி, 36 வயதில் இறந்து போனார். விரலைக் கொடுத்திருந்தால் உயிர் நின்றிருக்குமா என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு விரலா, மிச்சமுள்ள வாழ்வா என்ற கேள்வியில் நம் மார்க்கம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

தூரத்து உறுப்புகளுக்குப் பரவியவர்களின் 35 என்ற எண் உங்களுக்குச் சிறிதாகத் தெரியலாம். ஆனால் அது எங்கிருந்து ஏறி வந்த எண் என்பதைப் பார்க்க வேண்டும். 2011க்கு முன்னர் அந்தக் கட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஒரு வருடத்துக்குள்ளேயே இறந்து போனார்கள். நமது உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய் கட்டிப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கட்டை அவிழ்த்து விடும் மருந்துகள் 2011 முதல் பாவனைக்கு வந்தன. இதற்கு வழி திறந்த ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹொன்ஜோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. இபிலிமுமாப், நிவோலுமாப் என்ற இரண்டு மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 வீதமானோர் பத்து வருடம் கழிந்தும் உயிரோடு இருந்தார்கள் என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிமி கார்ட்டருக்கு 2015 ஓகஸ்டில், 90 வயதில், மெலனோமா ஈரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அந்தக் கிழவர் இனி மூன்று மாதமோ நான்கு மாதமோ என்றே உலகம் எண்ணியது. சத்திரசிகிச்சை, கதிர் சிகிச்சை, இந்த வகை மருந்தொன்று ஆகியவற்றைப் பெற்றார். அதே வருடம் டிசம்பரில் புற்றுநோயின் தடயம் இல்லை என்று அறிவித்தார். 2024 டிசம்பர் 29ஆம் திகதி, 100 வயது நிறைந்த பின்னரே மரணித்தார்.

கார்ட்டரின் கதையைக் கேட்டு வட்டவிதானைக் காக்கா மிகவும் மகிழ்ந்தார். அந்த மருந்து ஒரு தடவைக்கே இலட்சக் கணக்கில் என்பதையும், பாதத்தில் வரும் வகைக்கு அது வெள்ளையர்களின் தோலில் வருவதற்குக் கேட்பது போலக் கேட்பதில்லை என்பதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. மகளிடம் சொன்னேன். ஊரவர்கள் சேர்ந்து சில தடவைகளுக்குப் பணம் திரட்டினோம். ஒன்றரை வருடம் நன்றாகவே இருந்தார். பள்ளியின் ஓரத்தில் கதிரை போட்டுத் தொழுதார். வரப்புச் சண்டைகளுக்கு மத்தியஸ்தம் பேசினார். பேத்தியின் நிக்காஹ்வுக்கு வலீயாக வந்து உட்கார்ந்தார். பிறகு இருமல் வந்தது. 2025 தொடக்கத்தில் அவரது ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாதத்தைக் கழுவும் வேலை எனது கையில் வந்தது.

69 வீதத்தில் அவர் வரவில்லை. 35 வீதத்தில் கார்ட்டர் வந்தார். கணக்கு பொய் சொல்லவில்லை. இருவரையும் அது முன்கூட்டியே அறிந்திருக்கவுமில்லை. 2022இல் அந்தப் புள்ளி எத்தனை மி.மீற்றர் ஆழத்தில் இருந்திருக்கும் என்று நான் இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன்.

ஆகையால் சகோதர சகோதரிகளே, ஒரு நாளைக்கு ஐந்து முறை கால் கழுவி, விரல்களுக்கிடையே கோதி விடும் சமூகம் நாம். மற்றவர்களுக்கு இப்படியொரு வாய்ப்பு இல்லை. ஆனால் நாம் கழுவுகிறோமே தவிரப் பார்ப்பதில்லை. உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ புதிதாக ஒரு கறுப்பு வந்தால், பழைய மச்சம் வளர்ந்தால், அதன் ஒரு பாதி மறு பாதியைப் போல இல்லாமல் ஓரம் சிதைந்து நிறம் பலவாகத் தெரிந்தால், ஒரு புண் வாரக்கணக்கில் ஆறாமல் கிடந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு நகத்தில் மட்டும் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு விழுந்து அகன்று கொண்டே போனால், அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டி அடித் தோலிலும் படர்ந்தால், அதையும் தாமதிக்காமல் காட்டுங்கள். நோவில்லை என்பது நல்ல அறிகுறி அல்ல, ஆரம்பத்தில் இது நோவதே இல்லை. சுண்ணாம்பும் சோடாவும் கலந்து வைத்து மச்சத்தைச் சுடுவது, பிளேட்டால் சீவுவது போன்றவற்றைத் தயவு செய்து விட்டு விடுங்கள். நோயையும் மறைத்து, சோதனைக்கு எடுக்க வேண்டிய தசையையும் கெடுத்து விடும். சகோதரிகள் ஆண் வைத்தியரிடம் காட்டத் தயங்கினால், தேவைக்கு மார்க்கம் இடம் தந்திருக்கிறது என்பதை நான் எழுதித் தருகிறேன்.

மருதோன்றியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெருநாளைக்குக் கையிலும் காலிலும் நகத்திலும் இடுவது நல்ல வழக்கம்தான். ஆனால் இந்த நோய் ஒளிந்து கொள்ளும் இடங்களெல்லாம் அதே இடங்கள். இடுவதற்கு முன் ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்துக் கொள்ளுங்கள்.

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள், வீட்டில் மருதோன்றி அரைத்துக் கொண்டிருக்கும்போது, எனது உம்மாவின் பாதங்களை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தேன். “என்ன மகன் இது, உம்மாட காலப் போய்” என்று இழுத்துக் கொண்டார். உள்ளங்காலில் ஒன்றுமில்லை. இடது கால் பெருவிரல் நகத்தில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று இருந்தது. பெருநாள் கழிந்து தோல் வைத்தியரிடம் கூட்டிப் போனேன். அவர் சிறு கண்ணாடிக் கருவியை வைத்து நீண்ட நேரம் பார்த்தார். எமது நிறத்தவர்களுக்கு இப்படிக் கோடுகள் சாதாரணமாக வருவதுண்டு, இதில் பயப்பட ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் ஆறு மாதத்தில் திரும்பக் காட்டுங்கள் என்றார். கலண்டரில் திகதியைக் குறித்து வைத்திருக்கிறேன். உம்மா இப்போது சுபஹுக்கு வுழூச் செய்து விட்டு வரும்போதெல்லாம், “அந்தக் கோடு அப்படியேதான் கிடக்கு மகன்” என்று சொல்லி விட்டுத்தான் தொழுகைப் பாயில் ஏறுகிறார்.